நடந்த நாள், தெரிந்த நாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிக்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. வரலாறு, நாவல், கடிதத் தொகுப்பு, போருக்குப் போய் வந்தவர்களின் நினைவுக்குறிப்பு, எதுவானாலும் சரி. படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கத்தில் ‘நடந்த நாள்’, வலப்பக்கத்தில் ‘தெரிந்த நாள்’. வேறு குறிப்பு எதுவும் எடுப்பதில்லை. இந்தக் காலத்தைப் படிக்க எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

நோட்டின் முதல் வரி இது. 1814 டிசம்பர் 24 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கெண்ட் நகரில், பிரிட்டனும் அமெரிக்காவும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. பதினைந்து நாள் கழித்து, 1815 ஜனவரி 8 அன்று, நியூ ஆர்லியன்ஸுக்கு வெளியே அதே இரண்டு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் என்று சுமார் 2,000 பேர். உடன்படிக்கைச் செய்தியோடு வந்த கப்பல் நியூயார்க்கை அடைந்தது பிப்ரவரி 11-ஆம் தேதி.

இதைப் ‘போர் முடிந்த பிறகு நடந்த சண்டை’ என்று பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. இரண்டு அரசுகளும் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சண்டை நிற்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தது. அமெரிக்க செனட் ஒப்புதல் கொடுத்தது பிப்ரவரி 16-ஆம் தேதிதான். சட்டப்படி பார்த்தால் ஜனவரியில் போர் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதே போரின் தொடக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் பெரிய மனக்குறையாக இருந்த வணிகத் தடை ஆணைகளை நிறுத்திவைக்கப் போவதாக லண்டன் நாடாளுமன்றத்தில் அறிவித்த நாள் 1812 ஜூன் 16. அமெரிக்கா போர் அறிவித்த நாள் ஜூன் 18. இடையில் ஒரு கடல். தொடங்கியபோதும் செய்தி போய்ச் சேரவில்லை, முடிந்தபோதும் போய்ச் சேரவில்லை.

இந்த வரியை எழுதிய அன்றுதான், அதுவரை எப்படிப் படித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே புரிந்தது. முடிவு தெரிந்த கண்ணோடு படித்துக்கொண்டிருந்தேன். 1805 என்றால் டிரஃபால்கர், 1812 என்றால் ரஷ்யப் பனி, 1815 என்றால் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ. படி ஏறுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வாட்டர்லூவை நோக்கியே போவதாக ஒரு நினைப்பு. அந்த ஆண்டுகளில் வாழ்ந்த ஒருவருக்கும் அந்தப் படிக்கட்டு கண்ணில் பட்டிருக்காது. நேற்று வந்த செய்தித்தாள், போன மாதம் எழுதிய கடிதம், அடுத்த வாரம் வரலாம் என்று காத்திருக்கும் கப்பல், இவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது.

டிரஃபால்கர் சண்டை 1805 அக்டோபர் 21. வென்ற பிரிட்டிஷ் கடற்படையின் தளபதி நெல்சன் அன்றே இறந்துவிட்டார். செய்தியைக் கொண்டு போக ‘பிக்கிள்’ என்ற சின்னக் கப்பலில் லெஃப்டினன்ட் லாப்பெனோட்டியர் புறப்பட்டார். நவம்பர் 4-ஆம் தேதி ஃபால்மத்தில் கரை இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டியில் லண்டனுக்கு 37 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். வழியில் 21 முறை குதிரை மாற்றினார். கடற்படைத் தலைமையகக் கதவை அவர் தட்டியது நவம்பர் 6-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின். பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் இங்கிலாந்தில் நெல்சன் உயிரோடு இருந்தார். அவருக்குக் கடிதங்கள் எழுதப்பட்டிருக்கும், உணவு மேசையில் அவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அவராவது தளபதி. சாதாரண மாலுமியின் மனைவிக்கு அந்தப் பதினாறு நாள் இன்னும் நீண்டிருக்கும். வெற்றிச் செய்தி வந்த பிறகும், இறந்தவர் பட்டியல் வந்து சேரும்வரை அவளுக்குப் பாதிதான் தெரியும்.

பிரான்ஸில் ஷாப் சகோதரர்களின் சைகைக் கோபுரங்கள் இருந்தன. 1794 முதல் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையே மரக் கைகளை அசைத்து ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குச் செய்தி அனுப்பினார்கள். பனிமூட்டம் இறங்கினால் வேலை நிற்கும், இரவில் நிற்கும். அதுவும் அரசாங்கச் செய்திக்கு மட்டுமே. மற்றவர்களுக்குத் தபால் வண்டிதான்.

அப்புறம் நாவல்களுக்கு வந்தேன். இந்த நோட்டு இல்லாமல் நான் ஜேன் ஆஸ்டினை ஒழுங்காகப் படித்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவருடைய ‘பெர்சுவேஷன்’ நாவலின் கதை 1814 கோடையில் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்து எல்பா தீவுக்குப் போய்விட்டார். சமாதானம் வந்துவிட்டது. அதனால் கடற்படை அதிகாரிகள் எதிரிக் கப்பல்களைப் பிடித்ததற்குக் கிடைத்த பரிசுப் பணத்தோடு கரைக்குத் திரும்புகிறார்கள். அந்த அலையில்தான் கேப்டன் வென்ட்வொர்த் எட்டு வருடத்துக்குப் பிறகு ஆன் எலியட்டின் வாழ்க்கைக்குள் மறுபடி வருகிறார். அந்த எட்டு வருடமும் ஆன் அவரைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டாள்? கடற்படை அதிகாரிகள் பட்டியலையும் செய்தித்தாளையும் பார்த்து. யாருக்குப் பதவி உயர்வு, யார் எந்தக் கப்பலில், எந்தக் கப்பல் எதிரிக் கப்பலைப் பிடித்தது என்பதெல்லாம் அச்சில் வரும். கல்யாணப் பேச்சு முறிந்துபோன ஒருவனின் பெயரை, யாருக்கும் சொல்லாமல், பல மாதம் பழசாகிவிட்ட அச்செழுத்தில் தேடிக்கொண்டிருந்த பெண். ஆஸ்டின் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நான் அந்த வாக்கியத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அவளும் என்னைப்போல இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு வாழ்ந்தவள். ஒரு வித்தியாசம்: எனக்கு இரண்டு பத்தியும் நிரம்பியிருக்கிறது, அவளுக்கு வலப்பக்கம் எப்போதும் காலி.

கதை 1815-இன் தொடக்க வாரங்களில் முடிவை நெருங்குகிறது. இருவரும் சேர்கிறார்கள். பிப்ரவரி 26 அன்று நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பினார். மார்ச் 1 அன்று பிரான்ஸில் கால் வைத்தார். நாவலில் அவர் பெயரே கிடையாது. ஆனால் ஆஸ்டின் இதை எழுத உட்கார்ந்தது 1815 ஆகஸ்டில், வாட்டர்லூவுக்கு ஏழு வாரம் கழித்து. அவர் இறந்த பிறகு 1817 டிசம்பரில் புத்தகம் வெளிவந்தபோது கையில் எடுத்த ஒவ்வொரு வாசகருக்கும், இந்தத் தம்பதிக்கு அடுத்த மாதமே என்ன வரப்போகிறது என்று தெரியும். ஆனுக்கும் வென்ட்வொர்த்துக்கும் தெரியாது. கடைசிப் பத்தியில், வருங்காலப் போர் பற்றிய பயம் ஒன்றுதான் அவள் மகிழ்ச்சியின் மேல் விழும் நிழல் என்று வருகிறது. முதல் முறை படித்தபோது அது ஏதோ பொதுவான வாக்கியம் என்று கடந்துபோனேன். நோட்டில் தேதிகளை எழுதிய பிறகு படித்தால் நெஞ்சை அடைக்கிறது. ‘ஆஸ்டின் நாவல்களில் அன்றைய பெரிய உலகம் இல்லை, வரவேற்பறை மட்டும்தான்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவருடைய அண்ணன் தம்பி இருவர் கடற்படையில் இருந்தார்கள். தபாலுக்குக் காத்திருப்பது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தபால் என்றதும் இன்னொன்று. அன்றைய பிரிட்டனில் கடிதத்துக்கு வழக்கமாகப் பணம் கட்டியது பெறுபவர். தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம். உறை போட்டால் அதுவே இன்னொரு தாள். அதனால் ஒரே தாளை எழுதி நிரப்பி, பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக மறுபடி எழுதுவார்கள். அப்படி ஒரு கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். முதலில் பாய் பின்னியதுபோல இருந்தது. கண் பழகியதும் ஒரு திசை வரிகள் மட்டும் மேலே எழும்பி வந்தன, மற்ற வரிகள் பின்னால் போயின. ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் மிஸ் பேட்ஸ், ஜேன் ஃபேர்ஃபாக்ஸின் கடிதம் தாள் முழுதும் நிரம்பி, பாதி குறுக்கெழுத்தாக இருக்கும் என்பாள். சாதாரண வம்புப் பேச்சாக வரும் அந்த வரியில் ஒரு ஏழைக் குடும்பத்தின் தபால் கணக்கே இருக்கிறது. 1840-இல் ஒரு பென்னித் தபால் வந்த பிறகு அந்த நெருக்கடி தளர்ந்தது.

வாட்டர்லூவுக்கு என் நோட்டில் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். 1815 ஜூன் 18 சண்டை. ஜூன் 21 இரவு மேஜர் பெர்ஸி லண்டனுக்கு அறிக்கையோடு வந்தார். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிட ஆச்சரியமாகப் பட்டது, அங்கேயே நின்றவர்களுக்கும் என்ன நடந்தது என்று தெரியாமல் போனதுதான்.

வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரிக்கு 1830-இல் அந்தப் போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யும் வேலை கிடைத்தது. அவர் களத்தில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். பிறகு, உயிரோடு இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது? உங்களுக்கு எதிரே எதிரி எப்படி அணிவகுத்திருந்தான்? நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. படித்துப் பார்த்தால் பலருக்குப் புகை மட்டுமே நினைவில் இருந்தது. ஒருவர் சொன்ன இடத்தில் இன்னொருவர் தன் படை நின்றதாகச் சொன்னார். சண்டை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதிலேயே ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் தரப்புத் தளபதி வெலிங்டன் தன் அறிக்கையில் சுமார் பத்து மணி என்று எழுதினார். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் பதினொன்றரையை ஒட்டி வைக்கிறார்கள். பொது நேரம் என்று ஒன்று அப்போது கிடையாது. ரயில் வந்த பிறகுதான் ஊருக்கு ஊர் கடிகாரத்தை ஒப்பிட வேண்டிய அவசியமே வந்தது. சைபோர்னின் மாதிரி 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்றும் அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டனின் கூட்டாளியான பிரஷ்யப் படைகள் எப்போது, எவ்வளவு தூரம் வந்திருந்தன என்று அவர் காட்டியது வெலிங்டனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் சைபோர்ன் அந்தப் பகுதியை மாற்றிவிட்டார். இருபது வருடத்துக்குப் பின்னும், பலரைக் கேட்டும், அந்த ஒரு சாயங்காலம் முடிவாகவில்லை.

இதைப் படித்த கையோடு பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தெந்தாலின் ‘லா சார்த்ரூஸ் த பார்ம்’ நாவலை எடுத்தேன். 1839-இல் வந்த நாவல். ஃபாப்ரிஸ் என்ற இளைஞன் ஆசையோடு வாட்டர்லூ களத்துக்கு ஓடுகிறான். உழுத வயலில் சாலுக்குள் தண்ணீர் நிற்கிறது. அந்த ஈர மண் கறுப்புத் துணுக்குகளாக மூன்று நாலு அடி உயரம் தெறிக்கிறது. அவனுக்கு அது விசித்திரமாகத் தெரிகிறது. பீரங்கிக் குண்டு விழுந்துதான் மண் தெறிக்கிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகிறது. இது நிஜமான போர்தானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறான். எல்லாம் முடிந்த பிறகு, தான் பார்த்தது எது, தான் நின்ற இடம் எது என்று செய்தித்தாளைப் படித்துத் தேடுகிறான். ஸ்தெந்தால் 1812-இல் நெப்போலியன் படையோடு ரஷ்யா வரை போய் வந்தவர். அதனால்தான் இவ்வளவு துணிந்து ‘தெரியவில்லை’ என்று எழுத முடிந்தது என்பது என் எண்ணம். சைபோர்னுக்கு வந்த பதில்களையும் இந்த அத்தியாயத்தையும் சேர்த்து வைத்துப் படித்தால் எது வரலாறு, எது கதை என்று பிரிக்கவே தோன்றவில்லை.

ரஷ்யப் படையெடுப்புக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலின் கடைசிப் பகுதி வெளிவந்த ஆண்டு 1869. அதே ஆண்டு நவம்பரில் ஷார்ல் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், அந்தப் படையெடுப்பில் நெப்போலியனின் படை எப்படித் தேய்ந்துபோனது என்று காட்டும் ஒரு வரைபடம் வெளியிட்டார். 1812-இல் மினாருக்கு 31 வயது. வரைபடம் வந்தபோது 88. டால்ஸ்டாயோ 1828-இல்தான் பிறந்தார். அந்தக் காலத்தை வாழ்ந்து பார்த்தவர் எண்களை வரைந்தார், பார்க்காதவர் மனிதர்களை எழுதினார்.

மினார் பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தார். ரஷ்ய எல்லையில் நீமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேர். அசல் தாளில் 42 மில்லிமீட்டர் தடிமனான பட்டை. மாஸ்கோவுக்குள் நுழையும்போது 10 மில்லிமீட்டர். திரும்பும் வழி கறுப்பு நிறம். பெரெசினா ஆற்றுக்கு இந்தப் பக்கம் 50,000, அந்தப் பக்கம் 28,000. நீமனுக்குத் திரும்பி வந்தது ஒரு மில்லிமீட்டர், பென்சில் கோடு அளவுக்கு. அந்த ஒரு கோட்டை, அதற்குப் பக்கத்திலேயே கிடக்கும் 42 மில்லிமீட்டர் பட்டையோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும். எந்த வர்ணனையும் இதைச் செய்ததில்லை.

ஆனால் அந்தப் பட்டையில் பிரெஞ்சுப் படை மட்டும்தான் இருக்கிறது. பேத்யா ரஸ்தோவ் அதில் இல்லை. நாவலில் அந்தச் சிறுவன் கெரில்லாப் படையோடு போய்ச் சேர்ந்து, சுற்றியிருக்கும் அதிகாரிகளுக்கெல்லாம் தன்னிடம் இருக்கும் உலர்திராட்சையை எடுத்துக் கொடுக்கிறான். நல்ல திராட்சை, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். இரவு தன் வாளைத் தீட்டக் கொடுத்துவிட்டு அந்தச் சத்தத்தில் ஒரு பெரிய இசையையே கேட்கிறான். காலையில் செத்துப்போகிறான். வெகு தொலைவில் இருக்கும் அவன் அம்மாவுக்கு அது தெரிய நாளாகிறது. அந்த இடைவெளியில் அவள் அவனை நினைத்துக் கவலைப்படுகிறாள். என் நோட்டில் கற்பனைப் பாத்திரங்களுக்கு இடமில்லை என்று முதலில் ஒரு விதி வைத்திருந்தேன். பேத்யாவுக்காக அதை மீறினேன்.

இன்று எழுதப்படும் சரித்திர நாவல்களில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. உடையும் வண்டியும் கச்சிதமாக இருக்கும். 1811-இல் பேசும் ஒருவர் மட்டும் எதிர்காலம் தெரிந்தவர்போலப் பேசுவார். ‘தொழிற்புரட்சி’ என்பார். இங்கிலாந்தில் பின்னல் எந்திரங்களை உடைத்த தொழிலாளர்களுக்கோ, 1812-இல் அதற்கு மரண தண்டனை கொண்டுவந்தவர்களுக்கோ தாங்கள் ஒரு புரட்சியின் நடுவில் நிற்கிறோம் என்ற பெயர் தெரியாது. அந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவலானது 1880-களில். ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லையே வில்லியம் ஹியூவெல் 1833-இல்தான் உருவாக்கினார். சொல்லில் பிழை வந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மனிதரின் அறியாமையை எடுத்துவிட்டால், அவர் அந்தக் காலத்து ஆளாகவே இல்லாமல் போய்விடுகிறார். அவருடைய தைரியமும் போய்விடுகிறது.

இரண்டு பத்தியும் பயன்படாத பக்கங்களும் உண்டு. அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. 1818 வாக்கில் என்பதுதான் கணக்கு. மேரி பிரின்ஸ் தன் கதையைச் சொல்ல, அது 1831-இல் லண்டனில் அச்சானது. அடிமைத்தனத்தில் வாழ்ந்த கறுப்பினப் பெண் ஒருவரின் வரலாறு பிரிட்டனில் புத்தகமாக வந்தது அதுதான் முதல் முறை. அதற்கு இரண்டு வருடம் கழித்து அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது, இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு போனது உடைமையாளர்களுக்கு. யாருக்கு எவ்வளவு என்ற விவரம் பதிவேடுகளில் இருக்கிறது. விடுதலையானவர்களுக்கு ஒன்றும் தரவில்லை. உடைமையாளர் பக்கம் தேதியும் தொகையும் கிடைத்துக்கொண்டே இருக்கும், மறுபக்கம் ‘வாக்கில்’ என்ற சொல்தான் கிடைக்கும். அந்த மறுபக்கத்தை எழுத நாவலாசிரியர் வரும்போது நான் அவரிடம் தேதி கேட்பதில்லை.

நோட்டில் கடைசியாக எழுதிய பக்கம் தம்போரா. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் சும்பாவா தீவில் அந்த எரிமலை வெடித்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி கேட்ட முதல் வெடிச் சத்தத்தை ஜாவாவில் பீரங்கி என்று நினைத்து, யோக்யகர்த்தாவிலிருந்து படை கிளம்பியது. ஏதோ கப்பல் ஆபத்தில் இருக்கிறது என்று கரையோரம் படகுகளை அனுப்பித் தேடினார்கள். பெரிய வெடிப்பு ஏப்ரல் 10. அடுத்த ஆண்டு கோடை வரவில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஜூனில் பனி விழுந்தது, ஐரோப்பாவில் பயிர் அழுகியது, பஞ்சம் வந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்த மேரி என்ற 18 வயதுப் பெண் ஒரு கதையைத் தொடங்கினார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818 ஜனவரியில் வந்தது. மழை ஏன் நிற்கவில்லை என்று அவருக்குத் தெரியாது. 1816-இல் ரொட்டி இல்லாமல் அலைந்த யாருக்கும் தெரியாது. அந்தக் குளிருக்கும் இந்த எரிமலைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது. அதனால் வலப்பக்கத்தில் ‘சுமார் நூறு வருடம் கழித்து’ என்று எழுதினேன்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. அந்த மலையடிவாரத்தில் தம்போரா என்றே ஒரு சிறு அரசு இருந்தது, அவர்களுக்குத் தனி மொழி இருந்தது. வெடிப்பில் ஊரும் மக்களும் மொழியும் போய்விட்டன. அதற்கு முன்னால் யாரோ குறித்து வைத்திருந்த ஒரு சொல் பட்டியலை, அப்போது ஜாவாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் தன் ஜாவா வரலாற்றில் சேர்த்து வெளியிட்டார். ஐம்பது சொல்கூட இல்லை. அந்த மொழியில் இன்று மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். நடந்த நாள்: 1815 ஏப்ரல் 10. தெரிந்த நாள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் எதுவும் எழுதவில்லை.